எங்கம்மாவப் பத்தி எழுதோணும், அரைப்பக்கத்துல அடங்க மாட்டேங்குது

காங்கேயத்துக்காரி:
வணக்கமுங்க எல்லாருக்கும். எங்கம்மா போன மாசி மாசம் தவறிட்டாங்க. வருசத் திதிக்கு சொந்தபந்தத்துக்கெல்லாம் குடுக்கறதுக்கு எங்க பெரியண்ணன் சின்னதா ஒரு நினைவு மலர் அடிக்கறாரு. அய்யன், அதாவது எங்கப்பா, போயி ரொம்ப வருசம் ஆச்சு, அப்ப ஒண்ணும் போடல, அதனால ரெண்டு பேருக்கும் சேத்தே போட்டர்லாம்னு. ப்ரூஃப் வாட்ஸப்புல வந்துச்சு. அய்யனுக்கு நாலு பக்கம். 1972ல விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு கூப்பிட்டாருன்னு வண்டியப் பூட்டிக்கிட்டு கோயமுத்தூர் மாட்டுவண்டிப் போராட்டத்துக்குப் போனது, கெணறு ஆழப்படுத்துனது, கூட்டுறவு பேங்க்ல டைரக்டரா இருந்தது, கோயில் கும்பாபிசேகம், எல்லாம் வந்துருச்சு. அம்மாவுக்கு அரைப்பக்கம். "அன்பின் திருவுருவம், விருந்தோம்பலின் இலக்கணம்"னு ஆரம்பிச்சு பேரன் பேத்தி கணக்கோட முடியுது. அது டிடிபி கடையில ரெடியா வச்சிருக்கற வரிங்க, பக்கத்தூர்ல ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்லயும் அதேதான் பாத்தேன்.

என்னண்ணா இவ்வளவுதானான்னு கேட்டா, "எழுதறதுக்கு என்ன அம்மிணி இருக்குது, ஊட்லதான இருந்தாங்க"ங்கறாரு. கெட்ட மனசுல சொல்லலீங்க, அம்மா மேல உசுரையே வச்சிருந்த ஆளு, கடைசில படுக்கையில கெடந்தப்ப அவருதான் தூக்கி உக்கார வச்சு தண்ணி வாத்து வுட்டாரு. ஆனாலும் எனக்கு வயித்தெரிச்சலா போயிருச்சு. சரி நானே எழுதறேன்னு சொல்லிட்டேன். இங்க எழுதிப் பாக்கறேன், படிச்சுட்டு எது வேணும் எது வேண்டாம்னு சொல்லுங்கோ.

வயசுலருந்தே ஆரம்பிக்கறேன். ஆதார்ல 1-1-1938னு இருக்கும், அந்தக் காலத்து ஆளுக பாதிப்பேருக்கு ஜனவரி ஒண்ணுதான் பொறந்தநாளு. நெசத்துல நாலு வயசு எச்சாவே இருக்கும். எப்படின்னா பவானிசாகர் டேம் கட்டி முடிச்சது 1955, அன்னிக்கு பெரியண்ணன் நடக்கற புள்ளயா இருந்தாருங்கறது அம்மா கணக்கு, கல்யாணத்தப்ப அவங்களுக்கு பதினெட்டு. அப்படிப் பாத்தா 91 தொட்டுட்டுத்தான் போயிருக்காங்க.

பொறந்தது ஊத்துக்குளி பக்கம், வெண்ணெய்க்குப் பேர் போன சீமை. நகை நட்டோட ஒரு சினை எருமையும் சீரா ஓட்டிட்டு வந்தாங்களாம். வந்து சேந்தது காங்கேயத்துக்கு கெழக்க வறண்ட காடு, கொறங்காடுங்கற மேய்ச்சல் நெலமும் கிளுவ முள்வேலியுமா, கம்பும் சோளமும் மழைய நம்பி வெதைக்கற ஊரு. எங்க ஊட்ல அதுவரைக்கும் மாடுன்னா காங்கேயம் மாடுதான், உழவுக்கு, வண்டிக்கு, கவலை ஓட்டி கெணத்துத் தண்ணி எறைக்கறதுக்கு. பாலு, கன்னுக்குப் போக ஒரு சொம்பு வந்தா பெருசு. அந்த எருமை வந்ததுக்கப்பறம்தான் மாசாமாசம் கையில காசு பொழங்கவே ஆரம்பிச்சதுன்னு எங்க ஆத்தாளே சொல்லும், மருமகளப் புகழ்ந்து பேசற ஆளே இல்ல அது.

வெடியக்காலம் நாலு மணிக்கு மோர் சிலுப்பற சத்தம் கேக்கும். ஆசாரத்துத் தூண்ல கயித்தக் கட்டி மொடாவுல மத்த வுட்டு ரெண்டு கையிலயும் மாத்தி மாத்தி இழுப்பாங்க. வெயில் காலத்துல வெண்ணெய் தெரளாம கொழகொழன்னு நிக்கும், அப்ப கெணத்துலருந்து ஒரு சொம்பு பச்சத்தண்ணி சேந்தியாந்து ஊத்திட்டு காதக் குடுத்துக் கேட்டுக்கிட்டே இழுப்பாங்க. சத்தம் கனத்துச்சுன்னா தெரண்டுருச்சு. உருட்டித் தண்ணியில போட்டு வெப்பாங்க, வாரத்துக்கொருக்கா வெண்ணெய்க்காரர் சைக்கிள்ல வந்து எடுத்துக்குவாரு.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சமையக்கட்டுலருந்து பொடக்காளிக்கு, பின்வாசலுக்கு, போற நெலவுக் கதவுக்குப் பக்கத்துல ஒரு செவுரு, அதுதான் நோட்டு. அடுப்புக்கரில கோடு. நிக்கற கோடு வெண்ணெய்க்காரரு தரவேண்டியது, படுத்த கோடு நாம தரவேண்டியது, வட்டம் போட்டா அக்கம்பக்கத்துக்கு அளந்து வுட்ட படி அரிசி பருப்பு. யாரு வட்டம் எதுன்னு அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கறதுக்குள்ள எல்லாம் தீந்தாகோணும், தீரலைன்னா அந்த எடத்துல மட்டும் சுண்ணாம்பு படாம வுட்டுட்டு அடிக்கோணும்னு ஆர்டர். நோம்பிக்கு வர்ற ஒரம்பரைக எல்லாம் ஊட்டுக்குள்ள வந்ததும் "இந்த வருசம் யாரு பாக்கி நங்கையா"ன்னு சிரிப்பாங்க.

இதெல்லாம் மலர்ல போடலாமுங்களா? அண்ணன் இத "ஊட்டு நாயம்", ஊட்டுக்குள்ள பேசற பேச்சுங்கறாரு.

நொய்யல்கரை:
அம்மிணி, முதல்ல எங்க அனுதாபத்த சொல்லிக்கறேன். கல்யாணச் சாவுன்னு சொல்லுவாங்க, ஆனா 91 ஆனாலும் அம்மா அம்மாதான்.

ஊட்டு நாயமா? அந்தச் செவுருதான் உங்க ஊட்டு பேலன்ஸ் ஷீட்டுங்க. எனக்கு 70 தாண்டிருச்சு, நான் பாத்ததச் சொல்றேன். எங்க பக்கம் காட்டுலருந்து வர்ற காசு வருசத்துக்கு ஒருக்கா ரெண்டு தடவதான் வரும், கல்லக்கா போட்டா மார்கழி, எள்ளு போட்டா அப்பறம், அதுவும் மழை ஒழுங்கா பேஞ்சா. மிச்ச நாளெல்லாம் உப்பு, சீமெண்ணெய், புள்ளைக பீசு, வைத்தியம், எல்லாம் பொம்பளைக கையிலருந்துதான். கோழி முட்டை, வெள்ளாட்டுக்குட்டி, நெய்யி. நாங்க ஆம்பளைக சந்தையில துண்டப் போட்டு கை விரலப் புடிச்சு மாடு பேரம் பேசிட்டு பெரிய மனுசனாட்டம் வருவோம், அந்த மாட்டுக்கு முன்பணம் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா அடுக்குப் பானைக்கு அடியில இருந்து.

நெய் உருக்கறப்ப முருங்கக்கீரை போட்டு எறக்குவாங்களே, அடியில மொறுமொறுன்னு நிக்கற அந்தக் கீரைக்கு எங்க ஊட்ல அடிதடி நடக்கும். உங்கூட்ல எப்படி?

செவுரு இன்னும் இருக்குதா? இருந்தா முதல்ல ஒரு போட்டோ எடுங்க.

காங்கேயத்துக்காரி:
இல்லீங்ணா, 90கள்ல ஓட்டு ஊட்ட இடிச்சு டெரஸ் போட்டப்ப போயிருச்சு. டைல்ஸ் ஒட்டுன செவுத்துல கரி புடிக்கலைன்னு அம்மா கேலண்டர் தாளுக்குப் பின்னாடி போட ஆரம்பிச்சாங்க, அதுல கொஞ்சம் என்கிட்ட இருக்கு. கீரை எங்க ஊட்ல எப்பவும் சின்னண்ணனுக்குத்தான், கடைக்குட்டின்னு ஒரு சாக்கு. நான் அவனவிட சின்னவ, அந்தக் கணக்கு மட்டும் செவுத்துல ஏறல.

மொடக்குறிச்சி மாப்ள:
அக்கா செம. அந்த பொங்கல் வெள்ளையடிக்கற மேட்டர கண்டிப்பா போடுங்க. இன்னிக்கு பேங்க்காரங்க ஊட்டு வாசல்ல வந்து நிக்கறதுக்கு முன்னாடியே உங்கம்மா டீபால்ட்டர் லிஸ்ட் ஒட்டிட்டாங்க போல.

ஒரு சின்ன வேண்டுகோள், கடைசிப் பக்கத்துல அவங்க அரிசியும்பருப்பும் சோறு பக்குவம் போட்டுருங்க. எங்க அம்மாயி போனப்பறம் அந்த ருசி எங்கயும் கெடைக்கல, அம்மா செஞ்சா அது பருப்பு பிரியாணி மாதிரி ஒண்ணா வருது, சொன்னா சோறு கெடைக்காது.

கரூர் மருமக:
எல்லாரும் உருகறீங்க, நான் கொஞ்சம் கசப்பா பேசறேன், மன்னிக்கோணும். எங்க மாமியாரும் இப்படித்தான் வாழ்ந்தாங்க, நாலு மணிக்கு எந்திரிச்சு. அவங்களுக்கு அது புடிச்சுதான்னு யாரும் கேக்கல. ஒரு தடவ நான் கேட்டேன், "புடிக்காட்டி வுட்டுருவாங்களா கண்ணு"ன்னு திருப்பிக் கேட்டாங்க. செத்ததுக்கப்பறம் மால போட்டு தியாகி ஆக்கறது சுலபம். உங்கம்மாவுக்கு கோவமே வந்ததில்லையா? மலர்ல அது வருமா?

இன்னொண்ணு. எருமை கட்டுன கட்டுத்தரையில சாணி அள்ளுனது, காட்டுல களை எடுத்தது உங்கம்மா மட்டும்தானா? எங்க பக்கம் அப்படியிருக்காது. அந்தப் பொம்பளைக பேரு உங்க அண்ணன் மலர்ல அரைவரியாவது வருதா? கோவிச்சுக்காதீங்க.

காங்கேயத்துக்காரி:
கோவமெல்லாம் இல்லீங்க, கேக்கவேண்டியதத்தான் கேட்டிருக்கீங்க. பதில் நீளமா வரும்.

//உங்கம்மாவுக்கு கோவமே வந்ததில்லையா?//

வந்துச்சுங்க, நல்லாவே வந்துச்சு. எங்க தோட்டத்துக்கு மேவரமா ஒரு மூணு ஏக்கரா வெலைக்கு வந்துச்சு, நான் பள்ளிக்கூடம் போற வயசு. அய்யன்கிட்ட பாதிப் பணம்தான். மீதி அம்மா எருமை ரெண்டு, குட்டிக, சிறுவாடு எல்லாம் சேத்துக் குடுத்தாங்க. எருமைய ஓட்டிட்டுப் போறப்ப அம்மா பொடக்காளியில நின்னுக்கிட்டு வாசலுக்கே வரல. சரி, கிரயம் ஆச்சு. பத்திரம் அய்யன் பேர்லயும் சித்தப்பன் பேர்லயும். ரெஜிஸ்ட்ராபீசுல இருந்து லட்டு வாங்கிட்டு வந்தாரு அய்யன், அம்மா ஒண்ணக்கூடத் தொடல.

அன்னிக்கு நின்ன பேச்சுங்க. சண்டையெல்லாம் இல்ல, சோறு நேரத்துக்கு வரும், வேட்டி வெளுத்து வரும், ஆனா நேருக்கு நேர் ஒரு சொல்லு இல்ல. "ஒங்கய்யன சாப்பட வரச் சொல்லு"ன்னு பக்கத்துல நிக்கற ஆளுக்கு எங்க மூலமா சேதி போகும், அவரும் "வர்றேன்னு சொல்லு"ம்பாரு. நாங்க நடுவால நின்னு போஸ்ட்மேன் வேல பாத்தோம். ஊர்ல பெரியவங்க ரெண்டு மூணு பேரு வந்து நாயம் பேசுனாங்க, அம்மா எல்லாருக்கும் காப்பி குடுத்துட்டு உள்ள போயிட்டாங்க.

அது எப்படித் தீந்துச்சுன்னா, ஊர்ல பால் சொசைட்டி ஆரம்பிச்சப்ப. அய்யன் போயி மெம்பரா சேந்தாரு, அவரு பேர்ல இல்ல, அம்மா பேர்ல. அந்த சிவப்பு அட்டப் புஸ்தகத்த கொண்டாந்து அம்மிக்கல்லு மேல வச்சுட்டு ஒண்ணும் பேசாம காட்டுக்குப் போயிட்டாரு. ரவைக்கு அம்மா "கொள்ளுப்பருப்பு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா"ன்னாங்க. அவருகிட்டயே. எங்களுக்கு சோத்துல கையே ஓடல. அவங்க பேரு போட்டு ஊட்டுக்குள்ள வந்த மொதக் காகிதம் அதுதான். கைநாட்டு போடமாட்டேன்னு என்கிட்ட கையெழுத்துப் பழகுனாங்க, கோழி கிண்டுனாப்ல இருக்கும், ஆனா கடைசி வரைக்கும் கையெழுத்துதான். பத்து நாளைக்கொருக்கா பட்டுவாடா, அவங்களே போயி வாங்குவாங்க.

அந்த மூணு ஏக்கராவத்தான் மலர்ல "தன் உழைப்பால் நிலம் வாங்கி"ன்னு அய்யன் கணக்குல எழுதியிருக்கு. என் எரிச்சல் எங்கருந்து வருதுன்னு இப்ப புரியுதுங்களா.

//அந்தப் பொம்பளைக பேரு//

இது கொஞ்சம் கஷ்டமான கேள்விங்க. கட்டுத்தரை வேலைக்கு ஒரு அம்மா வருவாங்க, எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து அம்மா கையி தளர்ற வரைக்கும் அவங்கதான். ஒரே வயசு ரெண்டு பேரும். புள்ளைப்பேறுக்கு, சீக்குக்கு எல்லாம் அம்மா கூட இருந்து பாத்திருக்காங்க, நெல்லு கம்பு அளந்து வுடறதுல கஞ்சத்தனம் பண்ணமாட்டாங்க. ஆனா அவங்களுக்கு தனி டம்ளர், அது பொடக்காளி சந்துல சொருகியிருக்கும், ஊட்டுக்குள்ள அவங்க காலு வெச்சு நான் பாத்ததில்ல. ஒரு வயசுல நான் எடுத்துப் பேசுனேன், "ஒனக்கென்ன, கட்டிக்குடுத்தா போயிருவ, நான் இந்த ஊர்ல குடியிருக்கோணும்"னு வாய அடைச்சுட்டாங்க. அம்மா எழவுக்கு அவங்க வந்து பந்தலுக்கு வெளிய நின்னு அழுதாங்க, அந்த அளவுக்கு எங்க ஊட்டுப் பொம்பளைக யாரும் அழுகல. அவங்க சம்மதிச்சா அவங்க போட்டோவும் பேரும் போடணும்னு அண்ணன்கிட்ட கேக்கப்போறேன். தனி டம்ளரையும் எழுதுவேனான்னு கேட்டா, எழுதோணும்னுதான் தோணுது.

கரூர் மருமக:
சரிங்க, நான் எதிர்பாத்த பதில் இது இல்ல, அதுக்கு மேல. லட்டு தொடாத அம்மாவ எனக்குப் புடிச்சுப்போச்சு.

கருப்புக்கோட்டு ஈரோடு:
நான் வக்கீலு, அதனால ரெண்டு வரி சட்டம் பேசாம இருக்க முடியாது. உங்க அம்மா எருமை வித்துக் குடுத்தது நேரடிப் பணம். அது இல்லாட்டியும்கூட, 2023 ஜூன்ல சென்னை ஹைகோர்ட் ஒரு தீர்ப்புல சொல்லிருக்கு, புருசன் சம்பாரிச்சு வாங்குன சொத்துன்னாலும் பொண்டாட்டி ஊட்டு வேலையப் பாத்து குடும்பத்தத் தூக்கி நிறுத்துனதும் அந்த சொத்துக்குப் பங்களிப்புதான், அவங்களுக்கும் சமபங்கு உண்டுன்னு. அந்தக் கேஸ்ல புருசன் வெளிநாட்டுல வேல, பொண்டாட்டி இங்க ஊட்டப் பாத்துக்கிட்டாங்க.

இன்னொரு கூத்து. 2001 மக்கள்தொகை கணக்கெடுப்புல ஊட்டு வேல பாக்கற பொம்பளைகள பிச்சைக்காரங்க, கைதிகளோட சேத்து "வேலை செய்யாதவங்க" வரிசையில வச்சிருந்தாங்க, சுப்ரீம் கோர்ட்டே 2010ல ஒரு விபத்து நஷ்டஈடு கேஸ்ல அதப் புடிச்சுக் கண்டிச்சுது. அப்பறம் 2019ல மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒண்ணு எடுத்தாங்க. சம்பளமில்லாத ஊட்டு வேலைக்கு பொம்பளைக ஒரு நாளைக்கு 299 நிமிசம், ஆம்பளைக 97 நிமிசம். அந்த 97ம், ஊட்டு வேல தொட்டுப் பாக்கற ஆம்பளைகள மட்டும் கணக்குல எடுத்தா. எங்கள மாதிரி ஆளுகளச் சேத்தா இன்னும் கீழ போயிரும்.

நொய்யல்கரை:
299 நிமிசமா? அஞ்சு மணி நேரம். எங்கம்மா காலத்துல ஆட்டாங்கல்லுல மாவாட்டறதே ஒரு மணி நேரம் ஆகும், கம்பு குத்தறது தனி. உரல்ல தண்ணி தெளிச்சு குத்தி, பொடைச்சு, மறுபடி குத்தி, அதுக்கப்பறம்தான் அடுப்புக்கே போகும். கோயமுத்தூர் கிரைண்டருக்கு புவிசார் குறியீடு குடுத்தாங்கன்னு பேப்பர்ல பாத்தப்ப, எங்க ஊட்ல அது வந்து எறங்குன அன்னிக்கு எங்கம்மா தேங்கா ஒடச்சு கும்புட்டதுதான் ஞாபகம் வந்துச்சு.

வாய்க்காமேட்டுத் தம்பி:
அக்கா நான் கோபிக்காரன், பெங்களூர்ல இருக்கேன். எங்க பக்கம் கீழ்பவானி வாய்க்கா தண்ணி, நெல்லு மஞ்சள் கரும்புன்னு வேற மாதிரி, ஆனா ஆத்தா கதை இதேதான். ஒரு ஐடியா. நீங்க மட்டும் எழுதாதீங்க, அம்மா கூட பொழங்குன ஆளுக எல்லாருக்கும் போன் போட்டு ரெக்கார்ட் பண்ணுங்க, வெண்ணெய்க்காரர் ஊட்டு ஆளுக, சொசைட்டி செக்ரெட்டரி, அவங்க பொறந்தூட்ல இருக்கறவங்க. அம்மா என்னவெல்லாம் நம்புனாங்க, எதுக்குப் பயந்தாங்க, அதுவும் வேணும்.

காங்கேயத்துக்காரி:
நல்ல யோசனை தம்பி. நம்புனதுன்னா காங்கேயம் பக்கத்துல இருக்கற சிவன்மலை முருகன் கோயில்தான். அங்க ஆண்டவன் உத்தரவுப் பெட்டின்னு இருக்கறது உங்களுக்கே தெரியும், பக்தர் கனவுல வர்ற பொருள பூ போட்டுக் கேட்டு கண்ணாடிப் பெட்டியில வெப்பாங்க. பெட்டியில இப்ப என்ன இருக்குன்னு கேட்டுக்கிட்டுத்தான் அம்மா எள்ளு விக்கறதா இருப்பு வைக்கறதான்னு முடிவு பண்ணுவாங்க. தண்ணி வச்சா மழை எச்சு, மண்ணு வச்சா காட்டு வெல ஏறும்னு அவங்களே ஒரு அர்த்தம் சொல்லுவாங்க. பலிச்சுதான்னா பாதிக்குப் பாதி, ஆனா பலிக்காதத நாங்க ஞாபகப்படுத்துனா "நீ சரியா கேட்டுட்டு வரல"ன்னு எங்க மேல பழி. பயந்ததுன்னா ஒண்ணே ஒண்ணு, யாருக்கும் பாரமா கெடந்துருவோமோன்னு. அது நடந்துருச்சு, அண்ணன் அத பாரமா நெனைக்கல.

நேத்து இந்த இழை மொத்தத்தையும் அண்ணனுக்கு அனுப்பி வுட்டேன். பொழுதோட போன் பண்ணாரு. லட்டு கதை அவருக்கு தெரியாதாம், பேச்சு நின்னப்ப அவரு ஹாஸ்டல்ல. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்பறம் "அந்த உழைப்பால் நிலம் வாங்கிங்கற வரிய எப்படி மாத்தறதுன்னு நீயே எழுதியனுப்பு"ன்னாரு. அம்மாவுக்கும் நாலு பக்கம்னு ஒத்துக்கிட்டாரு. தனி டம்ளருக்கு இன்னும் ஒத்துக்கல, பேசிக்கிட்டிருக்கோம். கட்டுத்தரை அம்மாகிட்ட நானே வர்ற ஞாயித்துக்கெழம போயி கேக்கறேன்.

மாப்ள தம்பி, நீங்க கேட்ட பக்குவம் இந்தாங்க. நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பு, ரெண்டையும் ஒண்ணா கழுவி ஊற வுடுங்க. கடல எண்ணெயில கடுகு, சீரகம், வரமொளகா, கறிவேப்பிலை, பூண்டு நெறைய, சின்ன வெங்காயம் முழுசா போட்டு நல்லா செவக்கற வரைக்கும் வதக்கி, மஞ்சத்தூளு, ஒரு தக்காளி, கொஞ்சம் தேங்காயக் கீறிப் போட்டு, தண்ணி கொதிச்சதும் அரிசி பருப்பப் போடோணும். கொழையவும் கூடாது, உதிரியாவும் நிக்கக்கூடாது. எறக்குனதும் நெய்யி, எருமை நெய்யி கெடைச்சா.

மொடக்குறிச்சி மாப்ள:
எல்லாம் சரிங்க்கா, தக்காளி எங்கருந்து வந்துச்சு நடுவுல? எங்க அம்மாயி தக்காளியே போடாது.

நொய்யல்கரை:
தக்காளி போட்டா அது தக்காளி சோறு அம்மிணி. மலர்ல அச்சடிச்சு பந்திக்கு வர்ற நூறு பேரு கையில குடுக்கப் போறீங்க, நல்லா விசாரிச்சுப் போடுங்க.

காங்கேயத்துக்காரி:
எங்கம்மா போடுவாங்கண்ணா. ஒண்ணே ஒண்ணு, அதுவும் நாட்டுத் தக்காளி. இதுல நான் யாருக்கும் வுட்டுக்குடுக்க மாட்டேன்.